விரலிழப்பும் இழப்பீடும்: பவர் பிரஸ் விபத்துகளில் காயமுறும் தொழிலாளர் நிலை

ஆய்வுச் சுருக்கம்

உலோகத் தகடுகளை வெட்டவும் வளைக்கவும் பயன்படும் பவர் பிரஸ் இயந்திரம், இந்தியாவின் வாகன உதிரிபாகத் தொழிலில் தொழிலாளர் விரலிழப்புக்குப் பெருங்காரணமாக உள்ளது. விரலை இழந்த தொழிலாளிக்கு 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டமும் 1948-ஆம் ஆண்டு ஊழியர் அரசு காப்பீட்டுச் சட்டமும் இருவேறு வழிகளை வகுத்தன. அவ்வழிகளில் இழப்பு எவ்வாறு கணக்கிடப்படுகிறது, அக்கணக்கில் எவை விடுபடுகின்றன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. தொழிலாளி பெறும் தொகையை அவர் இழந்த உறுப்பு மட்டும் முடிவு செய்வதில்லை. அவ்விழப்பு முதல் சில நாட்களில் எவ்வாறு எழுத்தில் பதிவாகிறது என்பதும் முடிவு செய்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: பவர் பிரஸ், விரலிழப்பு, இழப்பீடு, ஈட்டுத்திறன் இழப்பு, ஊழியர் அரசு காப்பீடு, பணிமறுவாழ்வு.

முன்னுரை

கையால் உழைப்பவர்க்குக் கையே முதல். நிலமோ கடையோ இல்லாத ஒருவர் சந்தைக்குக் கொண்டுசெல்லும் ஒரே உடைமை அவருடைய உழைப்புத்திறன். இயந்திரத்தில் அகப்பட்டு விரல் துண்டிக்கப்படும்போது அம்முதலின் ஒரு பகுதி மீளாதவாறு அழிகிறது. குருகிராம், மானேசர், பரிதாபாத் ஆகிய வட இந்தியத் தொழிற்பகுதிகளில் காயமுற்றோரிடையே பணியாற்றும் ‘சேஃப் இன் இந்தியா’ அமைப்பு, 2019 முதல் வெளியிட்டுவரும் அறிக்கைகளில் வாகன உதிரிபாக ஆலைகளின் கை நசுங்கல் விபத்துகளில் பவர் பிரஸ்ஸே முதன்மைக் காரணம் என்று தொடர்ந்து பதிவு செய்துள்ளது. அம்பத்தூர், ஓசூர், கோயம்புத்தூர் போன்ற தமிழகத் தொழில் நகரங்களின் உதிரிபாகப் பட்டறைகளிலும் இதே வகை இயந்திரங்களே இயங்குகின்றன. ஆகவே இவ்வியந்திரத்தை ஒரு சான்றாகக் கொண்டு, விபத்துக்குப் பின் தொழிலாளி கடக்கும் படிநிலைகளைக் காண்பது பயனுடையது.

1. இயந்திரத்தின் இயக்கமும் விபத்தின் இயல்பும்

பவர் பிரஸ்ஸில் மின்மோட்டார் ‘ஃப்ளைவீல்’ எனப்படும் கனத்த சக்கரத்தைச் சுழற்றுகிறது. தொழிலாளி கால்மிதியை அழுத்தியதும் கிளட்ச் பொருந்தி, அச்சுழற்சி கிராங்க் தண்டுக்கு மாறுகிறது. மேலச்சைத் தாங்கிய தலைப்பகுதி கீழிறங்கி, கீழச்சின்மீது வைக்கப்பட்ட தகட்டை வெட்டி மேலேறுகிறது. தகட்டை வைப்பதும் வெட்டிய துண்டை எடுப்பதும் கைகளால் நிகழ்வன. நிமிடத்திற்கு 60 முறை இறங்கும் இயந்திரத்தில் ஒரு முழுச் சுற்றுக்கு ஆகும் நேரம் ஒரு விநாடி. கால் தன் வேலையைத் தனியே செய்வதால், கைகள் இரண்டும் அச்சுகளுக்கு இடையே இருக்கும்போதும் இயந்திரம் இறங்கக்கூடும்.

பழைய வகை பவர் பிரஸ்களில் சாவிக் கிளட்ச் பொருத்தப்பட்டிருக்கும். இது ஒருமுறை பொருந்திவிட்டால் சுற்று முடியும்வரை விடுபடாது. இடையில் நிறுத்த வழியில்லை. சாவியோ சுருள்வில்லோ தேய்ந்துவிட்டால் சுற்று முடிந்த பின்னும் கிளட்ச் விடுபடாமல், கால்மிதியை மிதிக்காமலேயே தலைப்பகுதி மீண்டும் இறங்கும். தொழிலாளி துண்டை எடுக்கக் கையை உள்ளே நீட்டும் நேரமும் அதுவே. எனவே ‘கவனக்குறைவு’ என்று எழுதப்படும் விபத்துகளுள் சில, உண்மையில் தேய்ந்த பாகத்தின் விளைவுகளாக இருக்கக்கூடும். இயந்திரத்தைப் பிரித்துப் பாராமல் அதை அறிய இயலாது.

தடுப்பு முறைகள் பல உள்ளன. அச்சுகளுக்கு முன் நிலையாக அமைக்கும் காப்பு வேலி, இரு கைகளாலும் ஒருசேர அழுத்தினால் மட்டுமே இயங்கும் இரட்டைப் பொத்தான், கை குறுக்கிட்டதும் இயந்திரத்தை நிறுத்தும் ஒளிக்கதிர் சென்சார் ஆகியன அவற்றுள் சில. ஆனால் சென்சார் எல்லா இயந்திரத்திற்கும் பொருந்துவதன்று. இடையில் நிறுத்த இயலாத சாவிக் கிளட்ச் இயந்திரத்தில் சென்சார் கையைக் கண்டறிந்தாலும் இறங்கும் தலைப்பகுதி நிற்காது. அத்தகைய இயந்திரத்திற்கு வேலியும், கையை உள்ளே விடாமல் தகட்டைச் செலுத்தும் கருவிகளுமே உரிய காப்பு.

2. தடுப்புக் கடமை யாருடையது?

1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, இயந்திரத்தின் ஆபத்தான பகுதிகளை உறுதியான காப்புகளால் மறைக்கவும், இயந்திரம் இயங்கும்போது அக்காப்புகள் தம் இடத்திலேயே இருக்கவும் வேண்டும் எனப் பணித்தது. இக்கடமை ஆலை நடத்துநருக்கு உரியது. விபத்து நேர்ந்து 48 மணி நேரமோ அதற்கு மேலோ பணிசெய்ய இயலாத நிலை ஏற்பட்டால் ஆய்வாளருக்கு அறிவிக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் இடம்பெற்றது.

நடைமுறையில் காப்பு வேலி உற்பத்தி வேகத்தைக் குறைக்கும். ஒரு ஷிப்டுக்கு இத்தனை துண்டுகள் என இலக்கு வகுக்கப்படும்போது வேலி கழற்றி வைக்கப்படுகிறது. கழற்றியவர் யார் என்பது பின்னர்ச் சட்டச் சிக்கலாகிறது. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி, பாதுகாப்புக்காக அமைந்தது என அறிந்தும் காப்பைத் தொழிலாளி வேண்டுமென்றே நீக்கியிருந்தால், முதலாளி இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து விடுபடலாம். இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்திற்கும் இவ்விலக்கு பொருந்தாது. விரலிழப்பு போன்ற பகுதி ஊனத்திற்குப் பொருந்தும். ஆகவே மேற்பார்வையாளர் கழற்றச் சொன்ன வேலி, தொழிலாளி தாமே கழற்றியதாக எழுதப்பட்டுவிட்டால், உயிரிழப்பில் மறுக்கப்படாத உரிமை விரலிழப்பில் மறுக்கப்படக்கூடும்.

ஊழியர் அரசு காப்பீட்டுச் சட்டம் இதில் வேறுபட்டது. அதன் 51ஆ பிரிவின்படி, விதியையோ ஆணையையோ மீறிய செயலின்போது விபத்து நேர்ந்தாலும், அச்செயல் முதலாளியின் தொழில் பொருட்டுச் செய்யப்பட்டதாயின் அது பணிக்காயமாகவே கொள்ளப்பட்டது.

3. இழப்பீட்டின் இரு வழிகள்

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-இல் இயற்றப்பட்டு 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2009-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ‘ஊழியர் இழப்பீட்டுச் சட்டம்’ எனப் பெயர் மாறியது. இதன்படி இழப்பீட்டைத் தர வேண்டியவர் முதலாளி. கிடைப்பது ஒருமுறை மொத்தத் தொகை. ஊழியர் அரசு காப்பீட்டுச் சட்டத்தின்படி பயனைத் தருவது காப்பீட்டுக் கழகம். நிரந்தர ஊனத்திற்குக் கிடைப்பது வாழ்நாள் முழுவதற்குமான மாதத் தொகை. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் மாதம் 21,000 ரூபாய்வரை ஊதியம் பெறுவோர் காப்பீட்டிற்குள் அடங்குவர். காப்பீடு பெற்றவர் முதலாளியிடம் தனியே இழப்பீடு கோர 53-ஆம் பிரிவு இடந்தரவில்லை. பத்துப் பேருக்கும் குறைவான பட்டறைகளின் தொழிலாளர்க்கு 1923-ஆம் ஆண்டுச் சட்டமே வழியாக இருந்தது.

சிகிச்சைக் காலத்திலேயே இவ்விரு வழிகளின் வேறுபாடு தெரியத் தொடங்கும். மாதம் 15,000 ரூபாய் ஊதியம் பெறுபவர்க்குக் காப்பீட்டில் தற்காலிக ஊனப்பயன் ஊதியத்தில் 90 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ நாளொன்றுக்கு 450 ரூபாய். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அரைமாதத்திற்கு மாத ஊதியத்தின் 25 விழுக்காடு, அதாவது 3,750 ரூபாய். முன்னதில் மாதம் 13,500 ரூபாயும் பின்னதில் 7,500 ரூபாயும் வீட்டுக்கு வரும். பணிக்காயப் பயனுக்கு இத்தனை நாள் சந்தா செலுத்தியிருக்க வேண்டும் என்னும் நிபந்தனை காப்பீட்டில் இல்லை. பணியேற்ற முதல் நாளிலேயே விபத்து நேர்ந்தாலும் உரிமை உண்டு.

இதே ஊதியத்திற்கு முதலாளி செலுத்த வேண்டிய காப்பீட்டுச் சந்தா 3.25 விழுக்காடு, அதாவது மாதம் 487.50 ரூபாய். தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு, அதாவது 112.50 ரூபாய். இச்சிறு தொகையைத் தவிர்க்கப் பதிவு தள்ளிப்போடப்படுகிறது. காயமுற்ற பலர்க்கு விபத்துக்குப் பிறகே காப்பீட்டு அட்டை கிடைத்ததை முன்னர்க் குறித்த அறிக்கைகள் காட்டுகின்றன. முதலாளி சந்தா செலுத்தாத தவறுக்காகத் தொழிலாளி உரிமையிழக்க வேண்டியதில்லை. கழகம் பயனை வழங்கி, முதலாளியிடம் அத்தொகையை வசூலிக்க 68-ஆம் பிரிவு வழிசெய்தது. எனினும் தாம் அங்குப் பணிபுரிந்ததை நிறுவும் சுமை தொழிலாளியின் தோளில் விழுகிறது.

4. விரலுக்கு வகுத்த விழுக்காடு

1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை ஒவ்வோர் உறுப்பிழப்புக்கும் ஈட்டுத்திறன் இழப்பு விழுக்காட்டைக் குறித்துள்ளது. கை தொடர்பானவற்றுள் சில வருமாறு:

ஒரு கை முழுவதும்: 60
ஒரு கையின் நான்கு விரல்கள்: 50
ஒரு கையின் மூன்று விரல்கள்: 30
கட்டைவிரல்: 30
ஒரு கையின் இரண்டு விரல்கள்: 20
சுட்டுவிரல் முழுவதும்: 14, இரு கணுக்கள்: 11, ஒரு கணு: 9, எலும்பு இழக்காத நுனி: 5
நடுவிரல் முழுவதும்: 12
மோதிரவிரல் அல்லது சிறுவிரல் முழுவதும்: 7

நிரந்தர முழு ஊனத்திற்கான தொகையைக் கணக்கிட மாத ஊதியத்தின் 60 விழுக்காட்டை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். 25 வயதுக்குரிய காரணி 216.91. 2020 ஜனவரி 3 முதல் இக்கணக்கிற்குக் கொள்ளப்படும் ஊதிய உச்சவரம்பு 15,000 ரூபாய். அதற்கு முன் அது 8,000 ரூபாயாக இருந்தது. 25 வயதில் 15,000 ரூபாய் ஊதியம் பெறுபவர்க்கு 9,000-ஐ 216.91-ஆல் பெருக்க 19,52,190 ரூபாய் வருகிறது. சுட்டுவிரல் முழுவதும் இழந்தால் அதில் 14 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 2,73,307 ரூபாய். ஒரு கணு மட்டும் எனில் 9 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 1,75,697 ரூபாய்.

காப்பீட்டு வழியில் இதே தொழிலாளிக்கு 14 விழுக்காடு இழப்பு மதிப்பிடப்பட்டால், நாள் பயனாகிய 450 ரூபாயில் 14 விழுக்காடு, அதாவது 63 ரூபாய் நாள்தோறும் வாழ்நாள் முழுவதும் கிடைக்கும். மாதத்திற்கு 1,890 ரூபாய். விலைவாசிக்கேற்ப இத்தொகை அவ்வப்போது உயர்த்தப்படுகிறது. மொத்தத் தொகை கடனை அடைக்கவோ சிறுதொழில் தொடங்கவோ உதவலாம். விரைவில் தீர்ந்தும் போகலாம். மாதத் தொகை சிறிதாயினும் நிலைத்தது.

இக்கணக்கில் மூன்று எண்கள் முடிவைத் தீர்மானிக்கின்றன: வயது, ஊதியம், விழுக்காடு. மூன்றும் ஏதேனும் ஒரு தாளில் எழுதப்பட்ட எண்களே. மேற்கண்ட தொழிலாளி உண்மையில் 15,000 ரூபாய் பெற்றும் ஊதியப் பதிவேட்டில் 8,000 ரூபாய் என்று இருந்து, அதுவே ஏற்கப்பட்டால், சுட்டுவிரலுக்கான தொகை ஏறத்தாழ 1,45,764 ரூபாயாகக் குறையும். விரல் ஒன்றே, ஊதியச் சீட்டு மட்டுமே வேறு.

5. உடற்குறையும் உழைப்புத்திறனும்

அட்டவணை எல்லார்க்கும் பொதுவானது. உழைப்போ அவரவர்க்கு வேறு. சிறுவிரலுக்கு அட்டவணை 7 விழுக்காடு மட்டுமே தருகிறது. ஆனால் சுத்தியலையோ ஸ்பேனரையோ இறுகப் பற்றுவதில் மோதிரவிரலும் சிறுவிரலும் பெரும்பங்கு வகிக்கின்றன. நுண்பொருளைக் கிள்ளி எடுப்பதில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் இணைகின்றன. எனவே ஃபிட்டர் ஒருவரின் சிறுவிரலும் தையல் தொழிலாளி ஒருவரின் சிறுவிரலும் ஒரே அளவு இழப்பு ஆகா. நசுங்கிய கையில் எஞ்சிய விரல்களும் விறைத்துப்போவதுண்டு; துண்டித்த நுனியில் குளிரும் தொடுதலும் வலியாக மாறுவதுண்டு. இழந்த கணுக்களை எண்ணும் அட்டவணையில் இவை இடம்பெறுவதில்லை.

நீதிமன்றங்கள் இவ்விடைவெளியை உணர்ந்துள்ளன. இடக்கை முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பட்ட தச்சர் ஒருவரின் வழக்கில், ஒரு கையால் தச்சுவேலை செய்ய இயலாது என்பதால் அது முழு ஊனமே என 1975-இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. இழப்பீடு விபத்து நாளிலேயே செலுத்தத்தக்கதாகிறது என்பதும் அத்தீர்ப்பு நிறுவிய கொள்கை. 2010-இல் வாகன விபத்து வழக்கொன்றில் அந்நீதிமன்றம், இடக்கையை இழந்தவர் ஓட்டுநரோ தச்சரோ ஆயின் ஈட்டுத்திறன் இழப்பு ஏறத்தாழ முழுமையாகலாம். அரசு எழுத்தராயின் வேலையே போகாமலும் இருக்கலாம் என விளக்கியது. உடல் ஊன விழுக்காடும் ஈட்டுத்திறன் இழப்பு விழுக்காடும் ஒன்றல்ல என்பதே இதன் சாரம்.

ஆயினும் இவ்வாதத்தை முன்வைக்கத் தொழிலாளி செய்துவந்த வேலை இன்னதெனத் தெளிவாக நிறுவப்பட வேண்டும். பவர் பிரஸ் இயக்குநராகப் பணியாற்றியவர் பதிவேட்டில் ‘ஹெல்பர்’ என்றிருந்தால், அவர் இழந்த தொழில்திறன் அங்கேயே பாதி மறைந்துவிடுகிறது.

6. முதல் நாட்களின் பதிவுகள்

காயமுற்றவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோர் பெரும்பாலும் சக தொழிலாளரோ மேற்பார்வையாளரோ ஆவர். துண்டான விரலைத் தூய ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டு, அப்பையைப் பனிக்கட்டியின்மேல் வைத்துக் கொண்டுசெல்ல வேண்டும்; விரல் நேரடியாகப் பனிக்கட்டியில் படக்கூடாது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய கை அறுவைச் சிகிச்சைத் துறை போன்ற சிறப்பு மையங்களில் விரலை மீண்டும் பொருத்தும் சிகிச்சை செய்யப்படுகிறது. எனினும் பவர் பிரஸ் விரலை நசுக்கித் துண்டிப்பதால் பல நேரங்களில் மீள்பொருத்தம் இயலாமற் போகிறது.

அந்த மணிநேரத்திலேயே ஆவணங்களும் உருவாகின்றன. விபத்து எங்கு, எப்பொழுது, எந்த இயந்திரத்தில் நேர்ந்தது என்பதை மருத்துவமனைப் பதிவேடு கேட்கும். அங்கு ‘கதவில் அகப்பட்டது’ என்று எழுதப்பட்டுவிட்டால் பணிக்காயம் என்னும் கோரிக்கையின் அடித்தளமே தளர்கிறது. எந்த விரல், எந்தக் கணுவரை என்று வெளியேற்றச் சுருக்கம் துல்லியமாகக் கூறாவிடில் 14 விழுக்காடு 9 ஆகலாம். ஒப்பந்தக்காரர் வழியே பணியேற்றவர் எனில் இரு தரப்பும் பொறுப்பை மறுக்கலாம். தம் தொழிலின் பகுதியான வேலையை ஒப்பந்தக்காரர் வழியே செய்விக்கும் முதன்மை முதலாளி இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு கூறியது. ஆனால் அந்த ஆலைக்குள் அவர் பணியாற்றினார் என்பதற்கு வருகைப் பதிவோ நுழைவுச்சீட்டோ சக தொழிலாளர் சாட்சியமோ வேண்டும்.

மருத்துவச் செலவை ஏற்று ஒரு தொகையைக் கையில் கொடுத்து, ‘இனிக் கோரிக்கை இல்லை’ என எழுதி வாங்குதல் இன்னொரு வழக்கம். இழப்பீட்டு உரிமையைக் கைவிடும் எவ்வுடன்படிக்கையும் செல்லாது என்றது 17-ஆம் பிரிவு. தொகை குறித்த உடன்படிக்கை ஆணையரிடம் பதிவாக வேண்டும். தொகை போதாதெனக் கண்டால் பதிவை மறுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை அலுவலர்களே இவ்வாணையர்களாக உள்ளனர். உரிய தொகை ஒரு மாதத்திற்குள் செலுத்தப்படாவிடில் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியும், தாமதத்திற்குத் தக்க காரணம் இல்லையெனில் 50 விழுக்காடுவரை தண்டத்தொகையும் விதிக்கலாம். கோரிக்கைக்கு இச்சட்டம் இரண்டாண்டு வரம்பு வகுத்தது. கையெழுத்திட்டுவிட்டதால் எல்லாம் முடிந்தது என எண்ணிச் சொந்த ஊர் திரும்பும் புலம்பெயர் தொழிலாளர்க்கு அவ்வரம்பு அறியாமலேயே கடந்துவிடுகிறது.

7. பணிக்குத் திரும்புதல்

இழப்பீட்டுக்குப் பின் எழும் கேள்வி வேலை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 20-ஆம் பிரிவு, பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரை அரசு நிறுவனம் நீக்கக்கூடாது. பழைய பணி இயலாவிடில் அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும் என்கிறது. இப்பாதுகாப்பு தனியார் ஆலைத் தொழிலாளிக்கு இல்லை. அச்சட்டத்தின் பல சலுகைகளுக்கு 40 விழுக்காடு ஊனம் வரம்பாக உள்ளது. ஓரிரு விரல்களை இழந்தவர் பெரும்பாலும் அவ்வரம்பை எட்டுவதில்லை. தற்காலிக ஊனப்பயன் பெறும் காலத்தில் பணிநீக்கத்திற்குக் காப்பீட்டுச் சட்டம் கட்டுப்பாடு விதித்தது. சிகிச்சை முடிந்தபின் அக்காப்பும் நீங்கியது. இயந்திரம் இயக்கியவர் துப்புரவுக்கோ பொதி கட்டவோ மாற்றப்படுவதும், ஊதியம் குறைவதும், அடுத்த ஆலையின் வாயிலில் கையைப் பார்த்தே மறுக்கப்படுவதும் இதன் தொடர்ச்சி.

2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் மேற்கண்ட தொழிற்சாலை, இழப்பீடு, காப்பீட்டுச் சட்டங்களைத் தம்முள் அடக்கியுள்ளன. ஊதியம், வயதுக் காரணி, விழுக்காடு என்னும் கணக்குமுறை அவ்வாறே தொடர்கிறது. பாதுகாப்புக் கடமையை மீறியதால் இறப்போ கடுங்காயமோ நேர்ந்தால், தண்டத்தொகையில் பாதிக்குக் குறையாத பங்கைப் பாதிக்கப்பட்டவர்க்கு இழப்பீடாக அளிக்க நீதிமன்றம் ஆணையிடலாம் என்பது புதிய கூறு. அதேவேளை மின்விசையுடன் இயங்கும் இடம் ‘தொழிற்சாலை’ எனக் கொள்ளப்படத் தேவையான தொழிலாளர் எண்ணிக்கை 10-இலிருந்து 20 ஆக உயர்ந்துள்ளது. பழைய பவர் பிரஸ்கள் மிகுதியாக இயங்கும் சிறு பட்டறைகளே இவ்வரம்பிற்குக் கீழே நிற்பவை என்பது கருதத்தக்கது.

முடிவுரை

பவர் பிரஸ் விபத்து ஒரு விநாடியில் முடிகிறது; அதன் கணக்கு பல்லாண்டு நீள்கிறது. விரலிழப்புக்குச் சட்டம் வழங்கும் தொகை வயது, ஊதியம், விழுக்காடு ஆகிய மூன்றின் பெருக்கம். இம்மூன்றும் விபத்துக்கு முன்னும் அதையடுத்த சில நாட்களிலும் பிறர் கையால் எழுதப்படுபவை; எழுதும் நேரத்தில் தொழிலாளி பெரும்பாலும் மயக்க மருந்தின் பிடியிலோ வேலை போகும் என்னும் அச்சத்திலோ இருக்கிறார். எனவே இழப்பீட்டுத் தொகையை உயர்த்துவது மட்டும் போதாது. பணியேற்ற நாளிலேயே காப்பீட்டுப் பதிவு, உண்மை ஊதியமும் உண்மைப் பணிப்பெயரும் கொண்ட சீட்டு, விபத்தின் இடத்தையும் இயந்திரத்தையும் கணுவளவு காயத்தையும் குறிக்கும் மருத்துவப் பதிவு, விபத்துக்குள்ளான இயந்திரத்தைப் பழுதுபார்க்கும் முன் ஆய்வு ஆகிய நான்கும் உறுதிப்பட வேண்டும். இவை உள்ள இடத்தில் சட்டம் தான் வகுத்ததையேனும் தருகிறது. இவை இல்லாத இடத்தில், அட்டவணையில் 14 விழுக்காடு என நிற்கும் விரல் தொழிலாளியின் கையிலும் இல்லை, கணக்கிலும் இல்லை.